கனடாக்காரர் வைத்த பெயர்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அந்தத் தையல் கம்பெனிக்குள் நுழைந்தால் எங்கே திரும்பினாலும் குழந்தைச் சட்டைதான். ஒன்றுகூட முழங்கை நீளத்தைத் தாண்டாது. போட்டுக்கொள்ளப் போகிற குழந்தைகள் எல்லாம் ஐரோப்பாவில் இருந்தன. தைக்கிற பெண்கள் முதலியார்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் டெம்போவில் நசுங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய அப்பன்மார் மில்லில் தறி ஓட்டியவர்கள். மில் இழுத்துக்கொண்டு கிடந்த காலத்தில் வீட்டுக்கு ஒருத்தியாவது தையல் மிஷினில் உட்கார வேண்டியதாயிற்று.

சந்திரகலாவுக்குச் சட்டையில் கை ஏற்றுகிற வேலை. உடம்புத்துணி ஒரு பக்கமிருந்து வரும், கைத்துணி இன்னொரு பக்கமிருந்து வரும், இரண்டையும் சேர்த்து வளைத்து ஓட்டித் தள்ளிவிட வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் சூப்பர்வைசர் தணிகாசலம் தலைக்குமேல் நிற்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வயிற்றைக் கிழித்து ஒரு குழந்தையை எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது குழந்தை இல்லை, மாமியார் மணியம்மாள்தான் இருந்தாள்.

"தங்கல. வுட்டுத் தள்ளு" என்றாள் மணியம்மாள்.

ஆணா பெண்ணா என்று கேட்டாள் சந்திரகலா. அது எதுக்கு இப்போது என்றார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். தெரிந்து என்ன பண்ணப் போகிறாய் என்றார்கள். பெற்றவளுக்குக் காட்டக்கூடாது, என்ன பிள்ளை என்று சொல்லக்கூடாது, புதைத்த இடம் தெரிந்தால் மனசு அங்கேயே சுற்றும், அடுத்தது வயிற்றில் நிற்காது என்று ஒரு சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காவல் காக்க மட்டும் தெருவே தயார். ஆஸ்பத்திரிச் சீட்டை மணியம்மாள் அன்றைக்கே கிழித்து எறிந்துவிட்டாள். பக்கத்து வீட்டு சுமலதா ஆண் என்றாள், எதிர்வீட்டில் பெண் என்றார்கள். பெற்ற தாய் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவள் சந்திரகலாவின் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் அன்பழகனைக் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். ஒரு தெருவே சேர்ந்து ஒருத்தியிடம் ஒளித்துவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயரும் வைத்துக்கொண்டது.

தையல் பிரித்த மூன்றாம் மாதம் அவள் மறுபடி கை ஏற்ற வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வது?

அந்தக் கார்த்திகை மாதம் மழை விட்டபாடில்லை. கம்பெனியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பெண்கள் மத்தியானச் சோறு தின்றார்கள். சங்கரா மீன் குழம்பு ஒருத்தியுடையது, கத்திரிக்காய்க் காரக்குழம்பு ஒருத்தியுடையது, எல்லாம் எல்லாருக்கும் போகும். தொட்டுக்கொள்ளக் கதை சொல்ல சிவசங்கரி வருவாள். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் அடிக்கிற பெண். பி.காம். முடித்துவிட்டு லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். இன்டர்நெட்டில் 'தாழ்வாரம்' என்று தமிழ்க்காரர்கள் கூடுகிற இடம் ஒன்று உண்டு, அதில் அவளும் சேர்ந்திருந்தாள். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சொந்தப் பெயரும் கிடையாது. சிவசங்கரிக்கு அங்கே 'மழைத்துளி' என்று பெயர்.

தெரியாத ஆட்களிடம் மனிதர்கள் எதைத்தான் சொல்லவில்லை! துபாயில் ஒருத்தர் தான் வைத்த சாம்பார் அடிப்பிடித்துப்போனதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். மலேசியாவில் ஒரு அம்மா மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை சொல்லிக்கொடுத்தார். ஒருத்தர் மகனுக்கு விழுந்த முதல் பல்லைக் காட்டினார். இன்னொருத்தர் தனக்கு மூலம், உட்கார முடியவில்லை என்று வெட்கமில்லாமல் வைத்தியம் கேட்டார். சிங்கப்பூரில் ஒருத்தி புருஷன் அடிக்கிறான் என்று அழுதிருக்க, அதற்கு நேர் கீழே ஒருத்தர் ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு என்று கேட்டிருந்தார்.

"அந்த ரசப்பொடிக்காரனுக்கு முதுவுலயே நாலு வெக்கணும்" என்றாள் சுமலதா. அவளும் அதே கம்பெனியில்தான் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறாள்.

"அத வுடுங்கக்கா. நம்ம பாண்டிக்காரரு ஒருத்தரு எழுதுறாரு. உப்பனாற்றான்னு பேரு வச்சினு இருக்காரு. படிச்சா அழுவ வந்துடும்" என்று சிவசங்கரி ஆரம்பித்தாள். "அவருக்குப் பொண்ணு பொறந்து எறந்துபோச்சாம். தல நெறய முடியாம். சிரிக்காமலே கன்னத்துல குழி வுழுமாம். அவரு சம்சாரம் தையல் கம்பெனியில வேல செய்யிறவங்களாம். பொறக்கறதுக்கு முன்னாடி துணி தைக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க இல்ல, அந்தம்மா யாருக்கும் தெரியாம வெட்டுத்துணியில ஒரு சட்ட தச்சி அரிசி ட்ரம்முக்குப் பின்னாடி ஒளிச்சி வச்சிருந்தாங்களாம். மஞ்சத் துணி, வாத்து போட்டது. அந்தச் சட்டைய மாட்டித்தான் புள்ளைய அனுப்புனேன்னு எழுதியிருக்காரு."

"போதும்டி, மணி ஆவுது" என்று சுமலதா டப்பாவை மூடினாள். தின்று முடிக்காமலே மூடினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

மஞ்சள் துணியில் வாத்து போட்ட அந்த ஆர்டர் போனபோது சிவசங்கரி இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சந்திரகலாவின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தச் சட்டையை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே தேடினாள். தேடிய சத்தத்தில்தான் மாமியாருக்கும் தெருவுக்கும் விஷயம் தெரிந்தது. சட்டை தைத்ததால்தான் பிள்ளை போயிற்று என்று மாமியார் அடுப்பில் போட்டிருப்பாள் என்று நினைத்தாள். போட்டிருந்தாலும் தப்பில்லை, தான் செய்தது பாவம்தான் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

"அத எனக்குக் காட்டு" என்றாள் சந்திரகலா.

தணிகாசலம் சாப்பிட வெளியே போயிருந்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவசங்கரி அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். சந்திரகலா பத்தாவது வரை படித்தவள். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிள்ளையை நோணாங்குப்பத்தில் கழிமுகத்தோரம் புதைத்தானாம். பக்கத்தில் ஒரு பூவரசங்கன்று நட்டானாம். ஒவ்வொரு அமாவாசைக்கும் போய்ப் பூ வைக்கிறானாம். கீழே கீழே பதில்கள். நார்வேயில் ஒருத்தர் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். ஒரு அம்மா கோயிலில் விளக்கு போட்டிருக்கிறார். இன்னும் சொல்லுங்கள், எழுதினால் பாரம் இறங்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் வைத்தீர்களா என்று யாரோ கேட்க, இல்லை என்று இவன் எழுத, கனடாவிலிருந்து ஒருத்தர் 'யாழ்மொழி என்று கூப்பிடுங்கள் தம்பி' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் யாழ்மொழிதான். குட்டி யாழ்மொழிக்கு என் முத்தங்கள் என்று ஒருத்தி. நம் யாழ்மொழி என்று ஒருத்தி.

"நம்ம யாழ்மொழியாம்" என்றாள் சந்திரகலா.

சிவசங்கரிக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, நீங்கதானா? எனக்குத் தெரியாதுக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். சந்திரகலா கையை உருவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி மழையில் போய் டெம்போ ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லாட்ஜில் அன்பழகன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பான். முதலாளி சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், மகன் பாதி வருஷம் பாரீசில் இருப்பார். அங்கிருந்து ரூம் பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். மத்தியானத்தில் ஆள் வராத நேரமெல்லாம் அன்பழகனுக்கு அதுதான் துணை. நனைந்த புடவையோடு பெண்டாட்டி உள்ளே வருவதைப் பார்த்து எழுந்தான்.

"இன்னா கலா, ஒடம்புக்கு எதுனா..."

"எனக்குப் பொண்ணாமே" என்றாள்.

அவன் நின்றபடி நின்றான். சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார்.

"எனக்குப் பொறந்தது பொண்ணாமே. இப்பத்தான் கம்பெனியில சொன்னாங்க. தல நெறய முடியாமே. துபாய்ல தெரியிது, மலேசியாவுல தெரியிது. நார்வேன்னா எந்த ஊருய்யா அது? அந்த ஊர்ல எம் பொண்ணுக்கு மெழுகுவத்தி ஏத்துறான். எனக்குத் தெரியாது. ரெண்டு வருசமா ஒம் பக்கத்துல படுத்துனு கெடக்குறேன், எனக்குத் தெரியாது."

"மெதுவா பேசு கலா. ஆளு இருக்காங்க."

"இருக்கட்டுமே. ஆளுங்க முன்னாடி சொல்லித்தான ஒனக்குப் பழக்கம். இவருகிட்டயும் சொல்லு. சார், இவரு பொண்ணு கதைய கேட்டீங்களா? கேளுங்க, நல்லா சொல்லுவாரு. பொண்டாட்டிகிட்டதான் சொல்ல மாட்டாரு."

பேப்பர்க்காரர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அன்பழகன் மேசையைச் சுற்றி வந்தான்.

"அம்மா தலையில அடிச்சி சத்தியம் வாங்கிடுச்சி. ஒன் நல்லதுக்குன்னு சொன்னாங்க. நான் இன்னா பண்ணுவேன்? ஒம் மூஞ்சியப் பாத்தா வார்த்தையே வரல. அங்க மூஞ்சி இல்ல, கலா. எழுதிட்டேன்."

"எம் மூஞ்சி ஒனக்குத் தடையா இருந்திச்சா?"

அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டான். அவள் உட்காரவில்லை.

"காலையில என்னைக் கூட்டினு போற. எங்க பொதச்சியோ அங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே இறங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வாசலில் மணியம்மாள் மத்தி மீனை வைத்துச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. மகன் சைக்கிளை எடுக்கவும் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எங்கடா கெளம்பிட்டீங்க? சொல்லிட்டியா? சத்தியம் பண்ணிட்டு சொல்லிட்டியாடா?"

"நான் சொல்லலம்மா."

"ஆமாம் அத்த, அவரு சொல்லல. ஊருல இருக்கறவன் சொன்னான்" என்றாள் சந்திரகலா.

"ஏம்மா, நான் ஒனக்குக் கெடுதலா நெனச்சேன்? எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சி. எங்கிட்டயும் யாரும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. அதுக்கப்புறந்தான் இவன் பொறந்தான்."

"நீங்க கேக்கலன்னா அது ஒங்க இஷ்டம். நான் கேட்டன் இல்ல? ஒவ்வொரு தடவ கேக்குறப்பவும் பைத்தியம் புடிச்சவளப் பாக்குற மாரி பாத்தீங்க இல்ல? சட்ட தச்சதுனாலதான் செத்துச்சின்னு தெரு பூரா சொன்னீங்க. அதே சட்டைய மாட்டி அனுப்பியிருக்கீங்க. அதயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? போட்டுக்கிச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நல்லா தூங்கியிருப்பேன்."

"சட்ட மாட்டி அனுப்புனது எனக்குத் தெரியாது" என்றாள் மணியம்மாள். மகனைப் பார்த்தாள். அவன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது ஆறு செம்மண் நிறத்தில் முட்டிக்கொண்டு போயிற்று. நோணாங்குப்பம் படகுத்துறையில் மழைக்காலத்திலும் டூரிஸ்ட் கூட்டம், ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மணல்திட்டுக்குப் போகிற படகுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு அப்பால் கரையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சுரபுன்னைப் புதரும் சேறும் பிளாஸ்டிக் குப்பையும்தான் இருந்தன. அன்பழகன் ஒரு இடத்தில் நின்றான். பிறகு இது இல்லை என்று இன்னும் கொஞ்சம் போனான். திரும்பி வந்தான்.

"தண்ணி ஏறிப்போச்சி. இங்கதான் எங்கயோ."

"பூவரசங்கன்னு எங்க?"

அவன் சைக்கிளை ஒரு புதரில் சாய்த்து வைத்தான்.

"மாசாமாசம் பூ வச்சியே, அந்த எடம் ஒனக்குத் தெரியலயா?"

"கலா."

"சொல்லு."

"நான் வந்ததே இல்ல. அம்மாவாசை மாமாதான் துணியில சுத்தித் தூக்கினு வந்தாரு. அவரு வூடு இந்த ஊருதான, டவுன்ல வச்சா ஒனக்குத் தெரிஞ்சிடும்னு. நான் ரோட்டு வரைக்கும் வந்தேன். எறங்க முடியல. அங்கயே நின்னுட்டேன். மாமா கைய கழுவினு வந்து முடிஞ்சிதுன்னாரு, பஸ் ஏறிட்டேன். அப்புறம் இந்தப் பக்கமே வரல." மணியம்மாளின் தம்பியான அந்த அம்மாவாசை மாமா போன ஆடியில் செத்துவிட்டார். இனி அந்த இடத்தைக் காட்ட யாரும் இல்லை.

சந்திரகலா சேற்றில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுதியிருந்த எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"பொண்ணுங்கறது?"

"நெசம்."

"தல நெறய முடி?"

"நெசம். ஒன்னுது மாரி சுருட்ட."

"சட்ட?"

"நெசம். பேறுக்குத் துணி எடுக்க வூட்டுக்குப் போனப்ப ட்ரம்முக்குப் பின்னாடி பாத்தேன், எடுத்துனு போனேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல நான்தான் மாட்டுனேன். கை நொழையல. ரொம்ப நேரம் ஆச்சி."

கை ஏற்றுகிற வேலை அவளுடையது. அந்தச் சட்டையின் கைகள் எவ்வளவு சின்னவை என்று அவளுக்குத் தெரியும்.

"கன்னத்துல குழி?"

அன்பழகன் தண்ணீரைப் பார்த்தான்.

"நெசமா, பொய்யா?"

"அது நான் எழுதுனது."

"எதுக்கு?"

"அவங்க கேட்டாங்க. எப்படி இருந்தா சொல்லுங்க, இன்னும் சொல்லுங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சந்தான். அது தீந்துபோச்சி. அப்புறம் எழுதிட்டேன்."

அவள் அவனை அறைந்தாள். தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அன்பழகன் கன்னத்தில் கை வைக்கவில்லை. அழுதான். தெரு பார்க்க அவன் அழுதது அதுதான் முதல் தடவை என்று சொல்லலாம், ஆனால் அங்கே தெரு இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை அவள் சமாதானமும் சொல்லவில்லை, போகவும் இல்லை. பிறகு இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சந்திரகலா சோற்றை எடுக்காமல் நேராக ஆபீசுக்குப் போனாள்.

"நான் சொல்லச் சொல்ல அடிக்கிறியா?" என்று சிவசங்கரியைக் கேட்டாள்.

"சொல்லுங்கக்கா. எழுத்துத் தமிழ்ல மாத்திப் போடட்டுமா?"

"வாணாம். எப்படிச் சொல்றனோ அப்படியே போடு."

நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"உப்பனாற்றான்னு எழுதுறவரோட சம்சாரம் நான். அந்தப் புள்ளையப் பெத்தவ. தல நெறய முடி இருந்தது நெசம். சட்ட நெசம், நான் தச்சது. கன்னத்துல குழி இல்ல. மரம் இல்ல. பூவும் யாரும் வெக்கல. எடமே எங்களுக்குத் தெரியாது. எனக்குப் பொறந்தது பொண்ணுன்னு ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்ச அப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சிது. நீங்க அழுததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எம் புள்ளைக்குப் பேரு வெக்க நீங்க யாரு? இனிமே யாழ்மொழின்னு யாரும் கூப்புடக்கூடாது. நேத்து அவளுக்கு நான் பேரு வச்சிட்டேன். அத இங்க சொல்ல மாட்டேன்."

சிவசங்கரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்து முடித்தாள்.

மறுநாள் பார்த்தபோது பதில்கள் குவிந்திருந்தன. சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். சிலர் உப்பனாற்றானைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள், நேற்றுவரை தம்பி தம்பி என்று உருகியவர்கள்தான். மலேசியா அம்மா, பெயரைச் சொன்னால் விளக்கு போடும்போது சொல்லி வேண்டிக்கொள்வேன் என்று எழுதியிருந்தார்.

"இன்னமும் கேக்குறாங்க பாரு" என்றாள் சந்திரகலா.

கனடாக்காரர் எழுதியதைச் சிவசங்கரி மெதுவாகப் படித்தாள். 'தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அது எங்கட மகளுக்கு வைக்க எண்டு வைச்சிருந்த பேர். எங்கட பிள்ளையும் தங்கேல்லை. சும்மா கிடந்த பேர்தானே எண்டு குடுத்திட்டன்.'

மழை தகரத்தில் அடிக்கிற சத்தம் ஆபீசுக்குள்ளும் கேட்டது. சந்திரகலா அந்த வரிகளைத் தானும் ஒருமுறை படித்தாள். அவளுடைய கோபத்தில் ஒரு பங்கு அந்த மனிதருக்கு வைத்திருந்தாள். அதை இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

"அந்தப் பேரு அவரு பொண்ணுக்கே இருக்கட்டும்னு போடு" என்றாள். பிறகு, "அண்ணன்னு சேத்துக்க" என்றாள்.

அதோடு அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அன்பழகன் பார்த்தான். லாட்ஜில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். மணியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். சந்திரகலா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அவன் சமையல்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"இனிமே அங்க எழுத மாட்டேன் கலா. அந்த உப்பனாற்றான் பேர அங்கருந்து எடுத்துட்டேன்."

அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? ஒலகத்துக்குச் சொல்ல வாணாம். அம்மாவுக்கும் சொல்ல வாணாம். எம் பொண்ணுதான அவ. இன்னா பேரு வச்ச? எங்கிட்டயாச்சும் சொல்லு."

மூன்று நாளாக அவனிடம் நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள் இப்போது பழையபடி மரியாதையாகவே பேசினாள்.

"சொல்ல மாட்டேங்க" என்றாள் சந்திரகலா. "சொன்னா எழுதிடுவீங்க."